பார்வையாளரே தயாரிப்பாளர்: ஜான் ஆபிரகாமின் ‘ஒடேசா’ கூட்டமைப்பும் தற்சார்புத் திரைப்படத் தயாரிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இயக்குநர் ஜான் ஆபிரகாம் தம் நண்பர்களுடன் இணைந்து 1984ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் தொடங்கிய ‘ஒடேசா’ கூட்டமைப்பு, மக்களிடம் சிறு தொகைகளைத் திரட்டி ‘அம்ம அறியான்’ (1986) என்னும் மலையாளத் திரைப்படத்தை உருவாக்கியது. மக்கள் நிதியில் எடுக்கப்பட்ட படம் என்ற அளவிலேயே இம்முயற்சி பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. நிதி திரட்டுதல், திரையிடல், பார்வையாளரை உருவாக்குதல் ஆகிய மூன்றும் ஒடேசாவில் ஒரே செயலாக அமைந்தன என்பதையும், அச்செயல்முறையே படத்தின் கதையமைப்பாக மாறியது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. அம்முறையால் ஏன் இரண்டாவது கதைப்படத்தை உருவாக்க இயலவில்லை என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஒடேசா, ஜான் ஆபிரகாம், அம்ம அறியான், அக்ரஹாரத்தில் கழுதை, தற்சார்புத் தயாரிப்பு, திரைப்படச் சங்கம், மக்கள் நிதி.

முன்னுரை

தமிழில் திரைப்பட ஆய்வு பெருகிவரும் இக்காலத்தில் ‘சுயாதீனத் திரைப்படம்’, ‘தற்சார்புத் தயாரிப்பு’, ‘மாற்றுச் சினிமா’ ஆகிய தொடர்கள் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாக ஆளப்படுகின்றன. பெரிய நடிகர் இல்லாத படமும், குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படமும், விழாக்களில் மட்டும் திரையிடப்பட்ட படமும் ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. எதனிடமிருந்து சுதந்திரம், எந்தக் கட்டத்தில் சுதந்திரம் என்ற வினா எழுப்பப்படாத வரையில் இச்சொற்கள் பாராட்டுச் சொற்களாக நிற்குமேயன்றி ஆய்வுச் சொற்களாக அமையா.

தென்னிந்திய வணிகத் திரைப்படத்தில் பணம் செல்லும் வழி அனைவரும் அறிந்ததே. நடிகரின் தேதி கிடைத்தவுடன் தயாரிப்பாளர் ‘ஏரியா’ வாரியாக விநியோகஸ்தர்களிடம் முன்பணம் பெறுவார். விநியோகஸ்தர் திரையரங்க உரிமையாளர்களிடம் முன்பணம் பெறுவார். எஞ்சிய பற்றாக்குறையை ஃபைனான்சியரின் வட்டிக்கடன் நிரப்பும். படம் எடுக்கப்படுவதற்கு முன்பே அது யாருக்கு எவ்வளவுக்கு விற்கப்படும் என்பது முடிவாகிவிடுகிறது. இயக்குநர் ஒருவர் தாமே நிறுவனம் தொடங்கும்போது, பெயர்ப் பலகை மாறுகிறது. கதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஓரளவு விரிகிறது. ஆனால் பணம் வரும் வழி மாறுவதில்லை. கே. பாலசந்தரின் கவிதாலயா, மணிரத்னத்தின் மெட்ராஸ் டாக்கீஸ் போன்றவை தரமான படங்களைத் தந்தவை. எனினும் அவை விநியோக அமைப்பின் உள்ளே நின்றே இயங்கியவை. இக்கூற்று அவற்றுக்கான குறைகூறல் அன்று. இயக்குநர் நிறுவிய தயாரிப்பு அமைப்பு அவ்விநியோக வழியையே கைவிட்டால் என்ன நிகழும் என்பதைக் காண வேறோர் எடுத்துக்காட்டு தேவைப்படுகிறது. ஒடேசா அத்தகைய ஒன்று.

கழுதை சென்றடையாத ஊர்

ஜான் ஆபிரகாம் 1937ஆம் ஆண்டு குட்டநாட்டுப் பகுதியில் பிறந்தவர். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் பணியாற்றியபின் அதனை விட்டுப் புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு ஆசிரியராக இருந்த ரித்விக் கட்டக் அவரிடம் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தினார். இந்திய மக்கள் நாடக மன்றத்தில் பயின்று வந்த கட்டக், திரைப்படத்தை மக்களைச் சென்றடையும் கருவிகளுள் ஒன்றாகவே மதித்தவர்; அதைவிட வலிய கருவி கிடைத்தால் திரைப்படத்தை விட்டுவிடவும் அணியமாக இருந்தவர். திரைப்படமே இறுதி இலக்கன்று என்ற இந்த மனநிலை ஜானின் பிற்காலச் செயல்பாட்டைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. கல்லூரிக்குப் பின் மணி கௌலின் ‘உஸ்கி ரோட்டி’யில் உதவியாளராகப் பணியாற்றிய ஜான், 1972இல் ‘வித்யார்த்திகளே இதிலே இதிலே’ என்னும் முதல் படத்தை இயக்கினார்.

அவருடைய இரண்டாவது படம் தமிழ்ப் படம் என்பது தமிழ் ஆய்வாளர்களுக்கு முதன்மையான செய்தி. நிர்மிதி ஃபிலிம்ஸ் தயாரித்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’ 1977இல் வெளிவந்தது. திரைக்கதையை எழுதியவர் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். கழுதைக் குட்டி ஒன்றைத் தம் ஊரின் அக்ரஹாரத்திற்குக் கொண்டுசெல்லும் பேராசிரியர் நாராயணசாமியாக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். ஊரில் நேரும் தீமைகளுக்கெல்லாம் அக்கழுதையே காரணம் என்று கருதி அதனைக் கொல்லும் மக்கள், பின்னர் அதன் பெயரால் அற்புதங்களைக் கண்டு கோயில் எழுப்ப முனைகின்றனர். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இப்படத்துக்குக் கிடைத்தது. ஆயினும் அது தமிழ்நாட்டின் திரையரங்கப் பார்வையாளரைச் சென்றடையவில்லை. 1989இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பத் திட்டமிட்டபோதும் எதிர்ப்பின் காரணமாக அது கைவிடப்பட்டது.

இப்படத்தின் சமூக விமர்சனத்தைப் பற்றித் தமிழில் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. அதன் பொருளியல் பாடம் அந்த அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. படத்தை எடுத்து முடிப்பது ஒரு சுதந்திரம். அதனைக் காட்டுவது மற்றொரு சுதந்திரம். முதலாவது கிடைத்துவிட்டதனால் இரண்டாவது தானே வந்துவிடுவதில்லை. விருது பெற்ற படம் பெட்டிக்குள் கிடந்த நிலையை ஜான் நேரில் கண்டவர். 1979இல் வெளிவந்த ‘செறியாச்சன்டெ க்ரூரக்ருத்யங்கள்’ அடூர் பாசியின் நடிப்புக்காகப் பேசப்பட்டது. எனினும் விநியோகச் சிக்கலை அதுவும் தீர்க்கவில்லை. 1941ஆம் ஆண்டின் கையூர் உழவர் எழுச்சியைப் படமாக்க ஜான் பெரிதும் முயன்றார், அது நிறைவேறவில்லை. அதே வரலாற்றை லெனின் ராஜேந்திரன் ‘மீனமாசத்திலே சூரியன்’ என்ற படமாக 1986இல் எடுத்தார். ஒடேசா தோன்றியதற்கான காரணத்தை ஜானின் அரசியல் ஆர்வத்தில் மட்டும் தேடாமல், பார்வையாளரை இழந்த இப்படங்களின் வரலாற்றிலும் தேடுதல் வேண்டும்.

கேரளத்தில் வாய்த்த நிலம்

ஒடேசா வெற்றிடத்தில் முளைத்ததன்று. அதற்கு முன்பே கேரளத்தில் மூன்று வகையான மரபுகள் வேரூன்றியிருந்தன.

முதலாவது திரைப்படச் சங்க மரபு. அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965இல் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். சித்ரலேகா கூட்டுறவுச் சங்கம் பின்னர்த் தயாரிப்பிலும் ஈடுபட்டது. திரைப்பட நிதிக் கழகத்தின் கடன் பெற்று 1972இல் ‘சுயம்வரம்’ அதன் வழியே உருவாயிற்று. கோழிக்கோட்டில் அசுவினி திரைப்படச் சங்கம் இயங்கியது. புத்தகம் படிப்பதைப் போலவே உலகத் திரைப்படம் காண்பதும் ஒரு பண்பாட்டுக் கடமை என்ற எண்ணம் சிறு நகரங்களிலும் பரவியிருந்தது.

இரண்டாவது மரபு நாடகமும் கலைப்பயணமும். கேரள சாஸ்த்ர சாகித்ய பரிஷத் தன் கலைக்குழுக்களை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தது. வயநாட்டுப் பழங்குடியினரின் சடங்கு வடிவத்தைக் கொண்டு கே.ஜே. பேபி உருவாக்கிய ‘நாடுகத்திக’ தெருக்களில் நிகழ்த்தப்பட்டது. ஊர்ச் சந்தியில் கூட்டம் சேர்ப்பதும், நிகழ்ச்சிக்குப்பின் துண்டேந்திப் பணம் திரட்டுவதும் மக்களுக்குப் பழக்கமான செயல்களாயிருந்தன.

மூன்றாவது, தோல்வியின் மரபு. 1970ஆம் ஆண்டு வயநாட்டில் வர்கீஸ் கொல்லப்பட்டார். நெருக்கடி நிலைக் காலத்தில் பொறியியல் மாணவர் ராஜன் கக்கயம் காவல் முகாமில் உயிரிழந்தார். நக்சல்பாரி அரசியலோடு தொடர்புடைய ‘ஜனகீய சாம்ஸ்காரிக வேதி’ 1980களின் தொடக்கத்தில் கலைந்தது. அமைப்பு கலைந்தாலும் அதில் பழகிய இளைஞர்கள் கலைந்துவிடவில்லை. சுவரொட்டி ஒட்டவும், கூட்டம் நடத்தவும், நடந்தே ஊர்களைக் கடக்கவும் பயின்ற ஒரு தலைமுறை செயலற்று நின்றது. ஒடேசாவின் உழைப்பு இத்தலைமுறையிடமிருந்தே பெருமளவில் வந்தது எனலாம்.

ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ (1925) படத்தில் படிக்கட்டுக் காட்சி நிகழும் கருங்கடல் துறைமுக நகரின் பெயரே கூட்டமைப்பிற்குச் சூட்டப்பட்டது. அரசியல் எழுச்சி, திரைப்பட வரலாறு ஆகிய இரண்டையும் ஒருசேரச் சுட்டும் பெயர் அது. அப்பெயருக்குத் திரைப்படச் சங்கங்களில் பயின்றோரிடம் விளக்கம் தேவைப்பட்டிராது.

‘தி கிட்’: திரையிடலே நிதி திரட்டல்

ஒடேசாவின் செயல்முறை எளியது. உறுப்பினர்கள் ஓர் ஊருக்குச் செல்வர். மேளம் கொட்டி மக்களைக் கூட்டுவர். சார்லி சாப்ளினின் ‘தி கிட்’ (1921) படத்தைத் திரையிடுவர். இதுபோல் மக்களுக்கான படம் ஒன்றை மக்கள் பணத்திலேயே எடுக்கப்போவதாகக் கூறி நன்கொடை பெறுவர். வீடு வீடாகவும் சென்று பணம் திரட்டினர். சிறு தொகைகளே சேர்ந்தன.

‘தி கிட்’ ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது ஆராயத்தக்கது. ‘பொட்டெம்கின்’ என்ற படத்தோடு உறவுடைய பெயரைத் தாங்கிய அமைப்பு, கிராமத்திற்குப் ‘பொட்டெம்கின்’ படத்தைக் கொண்டுசென்று நிதி கேட்கவில்லை. சாப்ளின் படம் ஒலியற்றது. மொழித் தடை இல்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஓடும். கைவிடப்பட்ட குழந்தையை எடுத்து வளர்க்கும் ஏழை நாடோடி, அக்குழந்தையைப் பறிக்க வரும் அதிகாரிகள், கூரைகளின்மேல் ஓடி அவன் அதனை மீட்பது ஆகியவை எவ்வூர் மக்களுக்கும் உடனே விளங்குபவை. சிரிப்பும் கண்ணீரும் கலந்த இப்படத்தில் அரசு அதிகாரத்தைப் பற்றிய கூர்மையான பார்வையும் உள்ளது. முழக்கம் ஏதுமின்றியே மக்கள் அதிகாரத்திற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும்படி நேர்கிறது. இன்னொன்றும் கூறலாம்: தாயிடமிருந்து பிரிந்த மகனின் கதை அது. இறந்த மகனின் செய்தியைத் தாயிடம் கொண்டுசெல்லும் படத்திற்கு அது முன்னுரையாக அமைந்ததைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். ஆயினும் இரண்டு படங்களையும் அடுத்தடுத்துக் கண்ட சிற்றூர்ப் பார்வையாளருக்கு அத்தொடர்பு தோன்றாமலிருந்திராது.

மேலோட்டமாக நோக்கின் இது விளம்பரத்துக்கான ஓர் உத்தி போலத் தோன்றும். உண்மையில் வணிகத் திரைப்படத்தின் கால வரிசையையே இது தலைகீழாக்குகிறது. வணிக முறையில் முதலீடு, தயாரிப்பு, விநியோகம், திரையிடல், பார்வையாளர் என்பது வரிசை. ஒடேசாவில் திரையிடலும் பார்வையாளரும் முதலில் வருகின்றனர். படம் இறுதியில் வருகிறது. விநியோகஸ்தர் இடத்தில் யாருமில்லை. பணம் தந்தவரே பின்னர்ப் படம் காணப்போகிறவர். படம் காட்டப்படவேண்டிய ஊர்களின் வரைபடம் பணம் திரட்டும்போதே தீட்டப்பட்டுவிடுகிறது. ‘அக்ரஹாரத்தில் கழுதை’க்குக் கிடைக்காத பார்வையாளர், அடுத்த படத்திற்கு அது எடுக்கப்படும் முன்பே கிடைத்துவிட்டார்.

இலத்தீன் அமெரிக்காவின் ‘மூன்றாம் சினிமா’வோடு ஒடேசாவை ஒப்பிடுவது வழக்கம். அர்ஜென்டினாவின் சோலானாஸும் கெட்டினோவும் ‘உலைகளின் நேரம்’ (1968) படத்தை இராணுவ ஆட்சியில் மறைவாகத் திரையிட்டனர். இடையிடையே படத்தை நிறுத்தி விவாதம் நடத்தும் வகையில் அதனை அமைத்தனர். திரையிடலை அரசியல் செயலாகக் கருதியதில் இரண்டிற்கும் ஒற்றுமை உண்டு. வேறுபாடோ அடிப்படையானது. அங்குப் படம் முடிந்தபின் கூட்டம் சேர்ந்தது. இங்குக் கூட்டம் சேர்ந்ததனால் படம் உருவாயிற்று. அங்கு மறைவு, இங்கு மேளச் சத்தம்.

இந்தியாவிற்குள் நோக்கினால் ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ (1976) நெருங்கிய எடுத்துக்காட்டாகும். குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் அளித்ததில் அப்படம் உருவாயிற்று. அங்கு உழவரும் படைப்பாளிக்கும் இடையே வலிமையான கூட்டுறவு நிறுவனம் நின்றது. நாள்தோறும் பால் கொண்டுவரும் உறுப்பினரிடம் அந்நிறுவனத்தால் ஒரே வேளையில் பணம் திரட்ட இயன்றது. ஒடேசாவிற்கு அத்தகைய பால் கொள்முதல் நிலையம் இல்லை. ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு வாயிற்படியை ஏறவேண்டியிருந்தது. நிதித் திறனை அளவுகோலாகக் கொண்டால் ‘மந்தன்’ முறையே மேம்பட்டது. வாயிற்படி ஏறியவர் பெற்ற அறிவை அவ்வளவுகோல் அளக்காது.

அம்ம அறியான்: செயல்முறையே கதை

முதற்கண் தலைப்பைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழ் எழுத்தில் ‘அறியான்’ என்று காணும் தமிழர் அதனை எதிர்மறை வினைமுற்றாகக் கொண்டு ‘அவன் அறியமாட்டான்’ என்று பொருள்கொள்ளக்கூடும். மலையாளத்தில் அது நோக்கப் பொருள் தரும் வினையெச்சம். ‘அம்மா அறிவதற்காக’ என்பதே பொருள். தமிழ் இலக்கண நூல்கள் கூறும் ‘வான்’, ‘பான்’ ஈற்று வினையெச்சங்களோடு உறவுடைய வடிவம் இது. தமிழில் வழக்கொழிந்த ஈறு மலையாளத்தில் அன்றாடப் பேச்சில் வாழ்கிறது. கடிதத்தின் முகவரி வரி போன்ற இத்தலைப்பு, படத்தின் அமைப்பையும் சுட்டிவிடுகிறது.

தில்லிக்குப் புறப்படும் புருஷன் என்னும் இளைஞன், வழியில் நிகழ்வனவற்றைக் கடிதமாக எழுதுவதாகத் தாய்க்கு உறுதியளிக்கிறான். வயநாட்டில் சாலையோரம் தூக்கில் தொங்கிய ஒரு பிணத்தை ஏற்றிச்செல்லக் காவலர் அவன் வந்த ஜீப்பை நிறுத்துகின்றனர். இறந்தவனின் முகம் முன்பே கண்ட முகமாகத் தோன்றுகிறது. தில்லிப் பயணத்தைக் கைவிட்டு அவன் நண்பர்களைத் தேடுகிறான். இறந்தவன் ஹரி என்னும் தாளக் கலைஞன், காவல் துறையின் சித்திரவதைக்கு உள்ளானவன் என்பது தெரியவருகிறது. கொச்சியில் வாழும் ஹரியின் தாயிடம் செய்தியைச் சொல்லவேண்டும். ஒருவர் மற்றொருவரிடம் அழைத்துச் செல்கிறார். அவர் இன்னொருவரை உடன் சேர்க்கிறார். வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லச் செல்லக் குழு பெருகுகிறது. கொச்சியை அடையும்போது அது ஓர் ஊர்வலம்.

இப்பயணத்தின் ஊடே கல்குவாரித் தொழிலாளரின் நிலை, மருத்துவக் கல்வி வணிகமாவதை எதிர்த்த மாணவர் போராட்டம், மட்டாஞ்சேரித் துறைமுகத் தொழிலாளரின் பழைய எழுச்சி ஆகியவை கதைக்குள் நுழைகின்றன. ஆவணப்படத் தன்மையும் புனைவும் ஒன்றிலொன்று கரைகின்றன. புருஷனாக ஜாய் மாத்யூ நடித்தார். நடித்தோரில் மிகப் பலர் தொழில்முறை நடிகரல்லர். ஒளிப்பதிவு வேணு, படத்தொகுப்பு பீனா பால். மலையாள வணிகத் திரைப்படம் முற்றிலும் வண்ணத்திற்கு மாறிவிட்ட காலத்தில் இது கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது.

கதையின் நடையைத் தயாரிப்பின் நடையோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். கதவைத் தட்டுதல், செய்தியைக் கூறுதல், வீட்டிலிருப்பவரை வெளியே அழைத்தல், அடுத்த வீட்டுக்குச் செல்லுதல் என்பனவே படத்தில் மீண்டும் மீண்டும் வரும் செயல்கள். நிதி திரட்டியபோது ஒடேசா உறுப்பினர் செய்ததும் இதுவே. திரட்டப்பட்டது அங்குப் பணம், இங்கு மனிதர். விமர்சகர் சிலர் இப்படத்தின் கதை தளர்வானது, ஒரே செயல் திரும்பத் திரும்ப வருகிறது என்று குறைகூறுவர். வணிகக் கதையமைப்பின் அளவுகோலில் அக்குறை உண்மையே. ஆனால் அத்திரும்பக் கூறல் வேறோர் உழைப்பின் தாளத்தைப் பதிவுசெய்கிறது. பணம் கொடுத்த ஊர்களின் பார்வையாளர், தம் வாயிலுக்கு வந்த இளைஞரைத் திரையில் மீண்டும் கண்டிருப்பர்.

ஆயினும் ஒன்றைக் கூறாமல் விடுதல் நேர்மையன்று. படத்தின் பயணிகள் ஏறத்தாழ அனைவரும் ஆண்களே. தாயர் செய்தியைப் பெறுவோராக, காத்திருப்போராக, அறிய வேண்டியோராக நிற்கின்றனர். செய்தியைச் சுமந்து நடப்பவராக அவர்கள் இல்லை. தாய்க்கு அறிவிப்பதைத் தலையாய கடமையாகக் கொண்ட படம், தாயைப் பயணத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. இதனைக் கதையின் குறையாக மட்டும் கொள்ளாமல், 1970களின் தீவிர அரசியல் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தின் எல்லையாகவும் கொள்ளவேண்டும்.

நன்கொடையும் முதலீடும்

‘மக்கள் பணத்தில் எடுத்த படம்’ என்ற தொடர் ஒரு சிக்கலை மறைக்கிறது. ஒரு திரைப்படத்தின் செலவுகளுள் சிலவற்றை அன்பினால் ஈடுசெய்யலாம். நடிகர் ஊதியமின்றி நடிக்கலாம், ஊரார் உணவளிக்கலாம், தங்குமிடம் இலவசமாகக் கிடைக்கலாம். ஆனால் கச்சாப் படச்சுருளை நட்பிற்காக யாரும் தரமாட்டார்கள். ஆய்வகத்தில் கழுவுதல், ஒலிச் சேர்க்கை, திரையிடுவதற்கான படிகள் ஆகியவை ரொக்கத்தைக் கேட்பவை. திரைப்படச் சுருளின் காலத்தில் தற்சார்பு என்பது இக்கட்டத்தில்தான் சோதிக்கப்பட்டது. கருவியும் வேதிப்பொருளும் சந்தையில் இருக்க, உழைப்பு மட்டும் சந்தைக்கு வெளியே நின்றது. இலக்கமுறைக் கருவிகள் வந்தபின் இச்செலவு பெரிதும் குறைந்துள்ளது என்பதை இன்றைய ஒப்பீடுகளில் மறத்தலாகாது.

அடுத்து, பணம் திரும்பும் வழி. நன்கொடையளித்தவர் இலாபத்தை எதிர்பார்ப்பதில்லை. ஆகவே கதையில் தலையிடுவதில்லை. ஜானுக்குக் கிடைத்த முழுமையான படைப்புச் சுதந்திரத்தின் அடிப்படை இதுவே. ‘அம்ம அறியான்’ வணிக நோக்கமின்றியே காட்டப்பட்டது. மக்கள் பணத்தில் எடுத்த படத்தை மக்களுக்கே நுழைவுச்சீட்டு விலைக்கு விற்பது முரண் என்பது கொள்கை நோக்கில் சரியே. ஆனால் அதே கொள்கை அடுத்த படத்திற்கான மூலதனத்தை இல்லாமலாக்கியது. வணிக நிறுவனத்தில் ஒரு படத்தின் வருவாய் அடுத்த படத்தின் விதை. சித்ரலேகா போன்ற கூட்டுறவு அமைப்பில் கடன் திருப்பிச் செலுத்தப்படவேண்டும் என்ற கட்டாயமே ஒரு கணக்குமுறையை உருவாக்கியது. ஒடேசாவின் ஒவ்வொரு படமும் மீண்டும் முதல் வாயிற்படியிலிருந்து தொடங்கப்படவேண்டும். அதற்குப் பணத்தைவிட அரிதானது தேவை: மீண்டும் ஓராண்டோ ஈராண்டோ நடக்க அணியமான மனிதர்கள்.

இங்கு ஜானின் இடம் கூர்ந்து நோக்கத்தக்கது. கூட்டமைப்பு என்னும் பெயர் அனைவருக்கும் சமப் பங்கு உண்டென்று கூறுகிறது. ஆனால் ஊர்மக்களும் இளைஞரும் நம்பியது பெரும்பாலும் ஒரு மனிதரை. ஜானைப் பற்றி மலையாளத்தில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி அவருடைய நாடோடி வாழ்வைப் பற்றிய கதைகளே. அக்கதைகளின் பெருக்கம் ஒடேசாவின் கணக்கையும் அமைப்பையும் ஆராய்வதற்குத் தடையாக உள்ளது எனல் மிகையன்று. 34ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் ஜானுக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருதும், வேணுவுக்கு ஒளிப்பதிவு விருதும் கிடைத்தன. ‘அம்ம அறியான்’ படிகள் ஊர்களில் சுற்றிக்கொண்டிருந்தபோதே, 1987 மே 31 அன்று கோழிக்கோட்டில் கட்டடம் ஒன்றிலிருந்து விழுந்து ஜான் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 49.

அண்மைக் காலத்தில் கூட்டுநிதியால் உருவான படங்களை ஒடேசாவின் வழித்தோன்றல்களாகக் கூறுவோர் உண்டு. கன்னடத்தில் பவன் குமாரின் ‘லூசியா’ (2013) படத்திற்கு 110 பேர் பங்களித்தனர். தமிழில் லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’ (2019) கூட்டுநிதியில் உருவாயிற்று. தயாரிப்பாளரின் ஆதிக்கத்தைத் தவிர்த்தமையில் இவற்றுக்கும் ஒடேசாவிற்கும் உறவுண்டு. ஆனால் இணையத்தின் வழியே பங்களிப்பவர் ஏற்கெனவே அப்படத்தில் ஆர்வமுடையவர், இயக்குநரை அறிந்தவர். ‘தி கிட்’ காண வந்த சிற்றூர்வாசிக்கு ஜானைத் தெரிந்திருக்கவேண்டிய தேவையில்லை. மாற்றுச் சினிமா என்ற சொல்லைக் கேட்டிருக்கவேண்டிய தேவையுமில்லை. இணையக் கூட்டுநிதி உள்ள பார்வையாளரிடம் பணம் பெறுகிறது. ஒடேசா இல்லாத பார்வையாளரை முதலில் உருவாக்கியது. இவ்விரண்டையும் ஒரே வகைமையில் அடக்குவது பொருந்தாது.

ஜானுக்குப் பின்

ஜானின் மறைவோடு ஒடேசா அழிந்துவிடவில்லை. தொடக்கத்திலிருந்தே உடனிருந்து, அமைப்பின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஒடேசா சத்யன் அதனைத் தொடர்ந்து நடத்தினார். ஊர் ஊராகத் திரையிடல்கள் நடந்தன. கதைப்படம் மீண்டும் உருவாகவில்லை, ஆவணப்படங்கள் உருவாயின. கவிஞர் ஏ. அய்யப்பனைப் பற்றிய ‘இத்ரயும் யாதபாகம்’ அவற்றுள் ஒன்று. கதைப்படத்திலிருந்து ஆவணப்படத்திற்கு மாறியதைச் சரிவாகக் கருதுவது எளிது. தன் வருவாய் முறை தாங்கக்கூடிய வடிவத்தை அமைப்பு கண்டடைந்தது என்று கருதுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. சிறு குழு, குறைந்த கருவி, குறைந்த ரொக்கம் என்ற ஆவணப்படத்தின் தேவைகள் வாயிற்படிதோறும் திரட்டும் நிதிக்கு இயைந்தவை.

சத்யனின் மற்றோர் ஆவணப்படமான ‘வேட்டையாடப்பட்ட மனஸ்’ காவலர் ராமச்சந்திரன் நாயரைப் பற்றியது. மேலதிகாரியின் கட்டளைக்கு அஞ்சித் தாமே வர்கீஸைச் சுட்டதாக, நிகழ்ச்சி நடந்து ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின் 1998இல் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவ்வாக்குமூலத்தின் தொடர்ச்சியாக நடந்த வழக்கில் 2010இல் கொச்சி சி.பி.ஐ. நீதிமன்றம் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி லட்சுமணாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பு வந்தபோது ராமச்சந்திரன் நாயர் உயிருடன் இல்லை. ‘அம்ம அறியான்’ படத்தில் சித்திரவதைக்கு ஆளானவனின் நண்பர்கள் செய்தியைச் சுமந்து சென்றனர். இருபதாண்டு இடைவெளிக்குள் அதே ஒடேசாவின் கேமரா துப்பாக்கி ஏந்தியவனின் முன் சென்று அமர்ந்து, அவன் சொல்வதைக் கேட்டது.